கம்பெனி கேட்ட சந்தைத் திடல்

நான் கவுன்சிலர் ஆன பிறகும் தையல் கம்பெனி வேலையை விடவில்லை. செக்கிங் டேபிளில் நின்று, தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது என் வேலை. பதினொரு வருஷமாக அதைச் செய்துகொண்டிருந்தேன். பேரூராட்சி மன்றக் கூட்டம் இருக்கிற நாளில் மட்டும் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கழுத்தில் கம்பெனி கார்டு தொங்க அப்படியே போய் உட்காருவேன்.

"அதக் கழட்டி வெச்சுட்டு வரலாமில்லம்மா?" என்று தலைவர் ஒருமுறை கேட்டார்.

"தொலைஞ்சு போச்சுன்னா கேட்டுக்குள்ளயே வுடமாட்டாங்க தலைவரே" என்றேன். கூட்டமே சிரித்தது.

எங்கள் ஊர் கடத்தூரைவிடக் கொஞ்சம் சிறியது. தர்மபுரிக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பஸ் உண்டு. செவ்வாய்க்கிழமை சந்தை. மெயின் ரோட்டை ஒட்டிச் சந்தைத் திடல். அதற்குப் பின்னால் ஒரு சந்து வழியாகப் போனால் கம்பெனி. வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள் அங்கே தைக்கப்பட்டன. சுற்றியிருக்கிற கிராமங்களில் மழையை நம்பி ராகியும் துவரையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்றை முதலில் காட்டியது அந்தக் கம்பெனிதான். காலையில் கம்பெனி பஸ்கள் வந்து நின்றால் சந்து முழுக்கப் பெண்கள். சாயங்காலம் வேலை விட்டால்தான் டீக்கடைக்கும் பூக்கடைக்கும் செல்போன் கடைக்கும் வியாபாரம். என் வார்டு கம்பெனியை ஒட்டின வார்டு; பஸ் ஸ்டாண்டும் அதில்தான். வீட்டுக்கு ஒருத்தியாவது அங்கே இருந்தாள்.

அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் அவரவர் வீட்டம்மாவை நிறுத்தினார்கள். நான் சுயேச்சையாக நின்றேன். என் கணவர் குட்டியானைச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர். வண்டியில் மைக் கட்டிக்கொண்டு போனார். ஆனால் ஓட்டுச் சேர்த்தது அவருடைய தங்கைதான். என் நாத்தனாரும் கம்பெனியில்தான் இருந்தாள், காலர் தைக்கிற இடத்தில். கேன்டீனில் சாப்பாட்டு வரிசையில் நின்றபடியே எனக்காகப் பேசுவாள். "எங்க அண்ணி வாயத் தொறந்தா மூட மாட்டாங்க. பேரூராட்சி ஆபீசுக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும்" என்பாள். நான் ஜெயித்ததில் பாதி அவளுடைய வாய்.

அடுத்த வருஷம் ஒரு மன்றக் கூட்டத்தில் அந்த மனு வந்தது. கம்பெனியை விரிவாக்கப் போகிறோம், அதற்குச் சந்தைத் திடலை நீண்ட காலக் குத்தகைக்குத் தர வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்தது. தலைவர் அதைப் படித்து முடித்துவிட்டு, எழுதாத ஒன்றையும் சொன்னார்.

"குடுக்கலீன்னா ஆந்திரா பக்கம் போயிருவோம்னு சொல்றாங்க. கம்பெனி போச்சுன்னா ஊரு என்னாவும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

தலைவர் மாந்தோப்பும் நிலபுலமும் உள்ள குடும்பத்துக்காரர். ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே உண்டு. அவசரமும் உண்டு.

செயல் அலுவலர் சேலத்துப் பெண். சட்டத்தை மட்டும் பேசுவார். "நெலத்தைக் குடுக்கிறது கடைசியா அரசாங்கத்தோட முடிவு சார். ஆனா மன்றத்தோட தீர்மானம் இல்லாம ஃபைல் நகராது. மன்றம் வேண்டாம்னா அதோட முடிஞ்சுது" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் பாய் இருந்தார். பஸ் ஸ்டாண்டு அருகில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், பல தடவை கவுன்சிலராக ஜெயித்தவர். அவர் சொன்னார்: "தங்கச்சி, கம்பெனியும் உன்னுது, வார்டும் உன்னுது. நீ கையத் தூக்குனா நாங்களும் தூக்கறம். வியாபாரம் நடக்கணும், அவ்வளவுதான் எனக்கு."

"அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வெய்யுங்க தலைவரே. ஒரு மாசம் டைம் குடுங்க" என்றேன். முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் வேலைக்குப் போனதும் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பதினொரு வருஷத்தில் அவருடைய அறைக்குள் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டீ வந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுவார்.

"உங்க கை ஒண்ணு போதுமுங்க. மத்தவங்க தானா வந்துருவாங்க. விரிவாக்கம் ஆனா உங்களையே ஃப்ளோர் இன்சார்ஜா போடலாம்னு இருக்கறமுங்க" என்றார்.

"எத்தன வருஷம் இங்க இருப்பீங்க சார்?"

"அது... கம்பெனி ரொம்ப தூரத்துக்கு யோசிக்குதுங்க."

"அத எழுதிக் குடுப்பீங்களா? இத்தன வருஷம் நடத்துவோம், இத்தன பேருக்கு வேல குடுப்போம்னு. எழுத்தா இருந்தா நான் மன்றத்துல தைரியமாப் பேசலாம்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "மேல கேட்டுச் சொல்றனுங்க" என்றார். கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தேன். செக்கிங்கில் நிற்கிறவள் கையில்தான் எல்லாச் சட்டையும் கடைசியாக வந்து விழும். முன்பெல்லாம் நாலைந்து விதமான லேபிள் வரும். ஒவ்வொரு லேபிளும் ஒவ்வொரு நாட்டுக் கடைக்கு. அந்த மாதங்களில் ஒரே லேபிள்தான் வந்துகொண்டிருந்தது. அதை நான் கவனித்திருக்கிறேன், ஆனால் மற்ற ஆர்டர்கள் எங்கே போயின என்று யோசித்ததில்லை. ஆறாவது லைனில், அதாவது ஆறாவது தையல் வரிசையில், இருந்த மெஷின்களை சர்வீசுக்கு என்று லாரியில் ஏற்றிப் போயிருந்தார்கள். அந்த இடத்தில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். மெஷின் பழுது பார்க்கிற மெக்கானிக்கிடம் சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன்.

"சர்வீசுக்குப் போன மெஷினு எப்ப வருதுண்ணா?"

அவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "சர்வீஸ்னா எங்கிட்டதானம்மா வரணும்? என்னத் தாண்டி எங்க போவுது? நாலு மாசமா எனக்கு ஊசி வாங்கக்கூட ஆர்டர் போடல. நான் சொன்னதா சொல்லிராத."

கம்பெனியின் பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். சுற்றுச்சுவருக்குள்ளேயே பாதி நிலம் சீமைக் கருவேல முள் மண்டிக் கிடந்தது. விரிவாக்கம் செய்கிறவனுக்கு அந்த முள்ளை வெட்டினால் போதும். இத்தனை இடத்தை வைத்துக்கொண்டு சந்தைத் திடல் எதற்கு? அந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன், வாங்குவதற்கு அல்ல. தக்காளிக் கூடைகள், புளி மூட்டைகள், ஆட்டு வியாபாரம் நடக்கிற வேப்பமரத்தடி என்று ஒவ்வொரு இடமாக நின்று கேட்டேன். இந்த இடம் இல்லையென்றால் எங்கே போவீர்கள் என்று. பாதிப் பேர் காரிமங்கலம் சந்தைக்குப் போய்விடுவோம் என்றார்கள். அவரைக்காய் விற்ற ஒரு அம்மா மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "காரிமங்கலத்துக்கு பஸ்சுக்கு குடுத்துப்போட்டு இந்த ஒரு கூடய வித்து நான் என்னத்த எடுத்துக்கிட்டு வூட்டுக்குப் போறது? கேக்கறதுக்கு முன்னாடி ஓசன பண்ணிக் கேளு" என்றாள். சரியாகத்தான் திட்டினாள்.

வீட்டில் என் கணவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ இத மன்றத்துல பேசுனா வேலையும் போவும், அடுத்த எலக்‌ஷன்ல ஓட்டும் போவும்."

"கம்பெனி கெளம்பிருச்சுங்க. எம் வேல எப்பிடியும் போகத்தான் போவுது. நெலமாவது நிக்கட்டும்."

"அப்ப பேசு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த கூட்டத்துக்கு மேனேஜரையும் அழைத்திருந்தார் தலைவர். மன்ற உறுப்பினர்கள் பதினைந்து பேரும் வந்திருந்தோம். நான் எழுந்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன். லேபிள் ஒன்றாகக் குறைந்ததை, ஒரு லைன் முழுக்க மெஷின் போய்த் திரும்பாததை, கம்பெனிக்குள் முள்ளாகக் கிடக்கிற நிலத்தை. மெக்கானிக்கைப் பற்றி மூச்சு விடவில்லை.

"கம்பெனி இருக்கணும்னு என்னவிட ஆசப்படறவங்க இந்த ரூம்ல இல்ல. எங்க வூட்ல ரெண்டு பேரு அங்கதான் இருக்கறம். எத்தன வருஷம் இருப்பீங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. குடுத்தா நானே மொதல்ல கையத் தூக்கறன்."

தலைவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "எழுதிக் குடுக்கறதுல என்னங்க கஷ்டம்?"

"மேலிடத்துல கேக்கோணுமுங்க."

"ஒரு மாசம் இருந்துச்சே. கேக்கலீங்களா?"

மேனேஜர் முன்னாலிருந்த ஃபைலைப் புரட்டினார். அப்போதுதான் பாய் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எனக்கு இப்பதான் வெளங்குது. சந்துக்குள்ள இருக்கிற நெலத்துக்கு என்ன மதிப்பு? முன்னாடி சந்தைத் திடல் சேந்துச்சுன்னா மெயின் ரோட்டு முகப்பு வந்துருது. இது கட்டறதுக்குக் கேக்கிற எடமா, வேற யாருக்காச்சும் கைமாத்தறதுக்குக் கேக்கிற எடமா? நான் கடக்காரன், எனக்கு இந்தக் கணக்கு புரியுது."

எனக்கு ஒரு மாதமாகக் கிடைக்காத பதில் அது. பாய் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

செயல் அலுவலர் தீர்மானத்தை எழுதினார். திடலைத் தர இயலாது. கம்பெனி தன் சொந்த நிலத்தில் விரிவாக்கினால் பேரூராட்சி கம்பெனிக்குப் போகிற சந்து வழியை அகலப்படுத்தி, குடிநீர் இணைப்பும் தெருவிளக்கும் தரும். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். எட்டுக் கை. பதினைந்தில் எட்டு. தலைவர் கை அதில் இல்லை. ஆனால் முடிவை அறிவித்தபோது குரலில் கோபம் காட்டவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

சில வாரங்கள் கழித்துக் கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆர்டர் இல்லாததால் மூடுகிறோம் என்று. அந்த வாக்கியத்தை யாரும் படிக்கவில்லை. நான் திடலைக் கொடுக்க விடவில்லை, அதனால் மூடுகிறார்கள் என்ற செய்தி அதற்கு முன்பே ஊர் சுற்றி முடித்திருந்தது.

அன்று மாலை நாத்தனார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"நீங்க கையத் தூக்கியிருந்தா இன்னொரு வருஷமாவது ஓடியிருக்கும்ல அண்ணி?"

"ஓடியிருக்கலாம். அப்புறம் போயிருக்கும். நெலமும் சேந்து போயிருக்கும்."

"அந்த ஒரு வருஷத்துல எம் புள்ளைக்கு காலேஜு முடிஞ்சிருக்கும். ஒங்களுக்கு அது ஒரு வருஷம்தான். நான்தான ஒங்களுக்கு ஓட்டுக் கேட்டுட்டுத் திரிஞ்சேன்?"

அவள் போய்விட்டாள். அதன்பிறகு தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. சரியாகச் செய்தாலும் அந்த வலி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

கம்பெனியின் கடைசி நாளில் மேனேஜர் கேட்டுக்கு வெளியே தன் பெட்டியோடு கார் வருவதற்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்க குடுத்திருந்தாலும் இதேதானுங்க நடந்திருக்கும். எனக்கே கோயமுத்தூர்ல இனி வேற வேல தேடோணும்."

"இத அங்க பஸ்சுகிட்ட நிக்கிற பொம்பளைங்ககிட்ட சொல்லுங்க சார்."

அவர் பஸ் பக்கம் பார்த்தார். கார் வந்தது. ஏறிக்கொண்டார். அவர் சொன்னதை வீட்டில் சொன்னேன், வெளியே யாரிடமும் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறாள் என்பார்கள். என் கணவர் மட்டும் சவாரி போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வேலை போன மறுநாளிலிருந்து தினமும் பத்து மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். வீட்டிலிருந்தால் புலம்பத்தான் தோன்றும். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக் காம்ப்ளக்ஸ் பற்றிய கோப்பு கண்ணில் பட்டது. பேரூராட்சி கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் அது. கீழே கடைகள் இருந்தன. மேல்தளத்தை எத்தனை முறை ஏலம் விட்டும் யாரும் எடுக்கவில்லை. பூட்டியே கிடந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன்.

"அங்க தையல் யூனிட் போட முடியுமா பாய்?"

பாய் ஆணி நிறுத்துக்கொண்டே யோசித்தார். "கடைன்னா ஜனம் மாடி ஏறி வரணும், வராது. தையலுக்கு ஜனம் ஏற வேண்டாம். துணி ஏறுனாப் போதும்" என்றார். தராசை வைத்துவிட்டு என்னோடு கிளம்பினார். கல்லாவை மருமகனிடம் விட்டுவிட்டு அவர் கடையை விட்டு இறங்கியதை அந்தத் தெரு அதிசயமாகப் பார்த்தது.

செயல் அலுவலர் விதிப் புத்தகத்தை எடுத்தார். இன்னொரு முறை முறையாக ஏலம் விட வேண்டும், யாரும் வரவில்லையென்றால் மன்றத் தீர்மானத்தோடு மகளிர் குழுக்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுக்க மேலே அனுமதி கேட்கலாம் என்றார். ஏலம் விட்டோம். நாங்கள் எதிர்பார்த்தபடியே யாரும் வரவில்லை. ஏலத்துக்கு ஆள் வராததற்கு ஒரு பேரூராட்சி சந்தோஷப்பட்டது அநேகமாக அன்றைக்குத்தான்.

மேல்தளத்தில் தையல் மெஷின் ஓட்டுகிற அளவுக்குக் கரண்ட் இல்லை. கழிப்பறையும் இல்லை. அதற்குப் பணம் வேண்டும். பேரூராட்சியிடம் கையில் இருந்த பணத்தில் ஊர் எல்லையில் பெரிய நுழைவு வளைவு ஒன்று கட்டுவதாகத் தலைவர் முன்பே திட்டம் போட்டிருந்தார். வரைபடம் அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது.

"கம்பெனி போனதுக்கு அப்புறம் ஊருக்கு ஒரு கம்பீரம் வேணும்மா. கரண்ட வேணா இழுத்துக் குடுக்கலாம். கக்கூஸ் எதுக்கு? கீழ பஸ் ஸ்டாண்டுல இருக்குதே" என்றார்.

"ஒரு தடவ மாடிக்கு வாங்க தலைவரே" என்றேன்.

வந்தார். தூசியில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். அங்கே கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். லைனுக்கு ரெண்டு டோக்கன்தான். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீரில் எரிச்சல் வந்து எத்தனை பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள் என்று சொன்னேன். நானும் அலைந்தேன் என்றும் சொன்னேன். ஒரு ஆண்பிள்ளையிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"கீழ பஸ் ஸ்டாண்டுல இருக்கிறதுக்கு உங்க வூட்டுப் பொம்பளைங்கள அனுப்புவீங்களா?"

அவர் படி இறங்கிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மன்றக் கூட்டத்தில் அவரே பொருளை வாசித்தார்: நுழைவு வளைவுப் பணி ஒத்திவைக்கப்படுகிறது, காம்ப்ளக்ஸ் மேல்தளத்துக்கு மின் இணைப்பும் பெண்களுக்கான நான்கு கழிப்பறைகளும் கட்டப்படுகின்றன. "எதிர்ப்பு இருந்தா சொல்லுங்க" என்று அவர் கேட்ட விதத்தில் யாருக்கும் எதிர்ப்பு இருக்க வாய்ப்பில்லை. பதினைந்து கையும் மேலே போனது.

மேலிருந்து அனுமதியும் வந்து, இடம் கிடைத்துவிட்டது. நான்கு குழுக்கள் சேர்ந்தன. கம்பெனி விற்ற பழைய மெஷின்களை வாங்கினோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி யூனிஃபாரம் தைத்து வாங்குகிற ஒருவர் சேலத்தில் இருந்தார், பாய்க்குத் தெரிந்தவர். அவர் வெட்டிய துணியை மாதிரிக்கு ஒரு கட்டு அனுப்பினார். என் கணவர் வண்டியில் வந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் தைத்த பெண்கள்தான் எல்லோரும். ஆனால் ஒரு முழுச் சட்டையைத் தைக்கத் தெரிந்தவள் ஒருத்திகூட இல்லை. ஒருத்திக்குக் கை மட்டும் வரும், ஒருத்திக்குப் பாக்கெட், ஒருத்திக்குப் பட்டன் பட்டி. கம்பெனியில் நாங்கள் கற்றது அவ்வளவுதான். சரி, அதே மாதிரி லைன் போடுவோம் என்று மெஷின்களை வரிசையாகப் போட்டோம். எல்லாம் வந்தது, காலர் வரவில்லை. காலர் முனை ஒரு பக்கம் மழுங்கியும் ஒரு பக்கம் நீட்டியும் நின்றது. சேலத்துக்காரர் முதல் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு முறை பார்க்கலாம், அதோடு சரி என்று போனில் சொன்னார்.

காலருக்கு ஊரில் யார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயரைச் சொல்லாமல் என்னையே பார்த்தார்கள்.

நாத்தனார் வீட்டுக்கு அன்று மத்தியானமே போனேன். அவள் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"காலருக்கு ஆளில்ல" என்றேன்.

"அதுக்குத்தான் வந்தீங்களா?"

"அதுக்கும்தான்."

முறம் நின்றது. "எட்டு மாசமா வூட்டுப் பக்கம் வந்து எட்டிப் பாக்கல. இப்ப காலருக்கு ஆளில்லன்னு வர்றீங்க."

"நீ அன்னிக்குக் கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல. உம் புள்ள காலேஜுக்கு என்னால கஷ்டப்படறான்னு நீ சொன்னா நான் இல்லேன்னு சொல்ல மாட்டன். பதில் இல்லாம எப்பிடி வர்றதுன்னுதான் வரல."

அவள் தவிட்டை ஊதித் தள்ளினாள். "மெஷினு எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"சுவத்துப் பக்கம்."

"சன்னல் பக்கம் போடுங்க. காலரு முனை வெளிச்சத்துலதான் தெரியும். அறிவு வேண்டாம்?"

மறுநாள் காலையில் எங்களுக்கு முன்பே மாடியில் இருந்தாள். மெஷினைத் தானே ஜன்னலுக்கு இழுத்துப் போட்டிருந்தாள். என்னோடு பேசவில்லை. பக்கத்தில் இரண்டு பெண்களை நிறுத்தி, முனையை எப்படித் திருப்புவது, நூலை எங்கே பிடித்து இழுப்பது என்று காட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவிலிருந்து கொள்ளுக் குழம்பை என் தட்டில் ஊற்றினாள். இரண்டாவது கட்டு சேலத்துக்குப் போனது. திரும்பி வரவில்லை. அதற்குப் பதில் மூன்று கட்டுத் துணி வந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கம்பெனியில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட மாடியில் இல்லை. நிறையப் பேர் ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அந்தக் கம்பெனிகளின் பஸ்கள் நெடுஞ்சாலையிலேயே நின்று போய்க்கொண்டிருந்தன. பெண்கள் விடியற்காலையில் அங்கே நடந்து போக வேண்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் வந்து ஏற்றிக்கொள்ள இடம் ஒதுக்கித் தீர்மானம் போட்டோம், விளக்கும் போட்டோம். சில குடும்பங்கள் பெங்களூருக்கே குடிபோய்விட்டன. செல்போன் கடை மூடிவிட்டது. கம்பெனிக் கட்டடத்தை ஒரு குளிர்பதனக் கிடங்குக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்கிறவர் யாராக இருந்தாலும் எழுத்தில் வரட்டும் என்று தலைவரே சொல்லிவிட்டார்.

மெக்கானிக்கை நாங்கள் விடவில்லை. மாடியில் அவர் ஒருவர்தான் ஆண். அவருக்குக் கழிப்பறை கீழே பஸ் ஸ்டாண்டில்தான். அதைப் பற்றி அவர் தினமும் புகார் சொல்கிறார், நாங்கள் தினமும் சிரிக்கிறோம்.

போன மாதம் மன்றக் கூட்டத்துக்கு ஒரு மனு வந்தது. மகளிர் தையல் குழுக்களின் சார்பில், நான்கு நாளாக மேல்தளத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை, மோட்டார் பழுது என்று இரண்டு முறை நேரில் சொல்லியும் சம்பந்தப்பட்ட வார்டு கவுன்சிலர் நடவடிக்கை எடுக்கவில்லை என்று எழுதியிருந்தது. சம்பந்தப்பட்ட வார்டு கவுன்சிலர் நான்தான். கீழே குழுக்களின் தலைவி என்று கையெழுத்துப் போட்டிருந்தது என் நாத்தனார்.

தலைவர் மனுவைச் சத்தமாகப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "கவுன்சிலரம்மா, பதில் சொல்லுங்க."

"புகார் உண்மைதான் தலைவரே. நாளைக்கே மோட்டாரு மாத்தணும்" என்றேன்.

"உங்க வூட்டு ஆளே உங்க மேல எழுதறாங்களே?" என்று பாய் சிரித்தார்.

"அவளுக்கு எழுதத் தெரியும்னு எனக்கு இப்பதான் பாய் தெரியுது" என்றேன். மறுநாள் காலை எட்டு மணிக்குப் புது மோட்டாரை என் கணவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு நானே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.